தண்ணீரை வெறுத்தவர் பெயரில் ஒரு செடி

மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், காற்றிலேயே வளரும் என்று சொல்லி விற்கிறார்களே ஏர் பிளாண்ட், அதன் தாவரவியல் பெயர் டில்லாண்ட்சியா. இந்தப் பெயர் வந்ததே ஒரு கப்பல் பயணத்தால்தான் என்றால் நம்புவீர்களா?

17-ஆம் நூற்றாண்டில் பின்லாந்து சுவீடனின் ஆட்சியில் இருந்தது. சுவீடனைச் சேர்ந்த ஒரு மாணவர் அங்குள்ள துர்க்கு நகரிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குக் கப்பலில் போனார். வழியெல்லாம் வாந்தி, பாவம்! திரும்பும்போது கப்பல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாம். போத்னியா வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே வந்து சேர்ந்தாராம். 'தரைவழி' என்று பொருள் வரும்படி பெயரையும் டில்லாண்ட்ஸ் என்று மாற்றிக்கொண்டார் என்பது கதை. பிற்பாடு துர்க்குவிலேயே மருத்துவப் பேராசிரியரான அவர், 1673-ல் அவ்வூர்ச் செடிகளைப் பட்டியலிட்டு ஒரு நூலும் வெளியிட்டார்.

அடுத்த நூற்றாண்டில் வந்த லின்னேயஸுக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. அமெரிக்கக் கண்டத்தில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் இந்தச் செடிகளும் ஈரத்தை வெறுப்பவை என்று நினைத்து, டில்லாண்ட்ஸின் பெயரையே வைத்துவிட்டார்.

உண்மை நேர் எதிர். இலை முழுக்க உள்ள நுண்ணிய செதில்கள் மழையையும் மூடுபனியையும் உறிஞ்சுவதற்காகவே இருக்கின்றன. வேருக்குக் கிளையைப் பிடித்துக்கொள்வதுதான் முக்கிய வேலை. காற்றே போதும் என்று நம்பி அலமாரியில் வைத்தால் செடி மெல்ல மெல்லக் காய்ந்து சுருண்டுவிடும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் தண்ணீரில் முக்கி வைத்து, பிறகு கவிழ்த்துக் காயவிட வேண்டும். இலைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அந்த அளவுக்கு மட்டும் லின்னேயஸ் நினைத்தது சரிதான்!