கற்பனை அணியும் தீவக மைதானத்தின் கணக்கும்

ஃபேன்டசி என்று இளைஞர்கள் சொல்லும் கற்பனை அணி விளையாட்டு கைத்தொலைபேசி உள்ள இடமெல்லாம் வந்துவிட்டது. இங்கிலாந்துப் பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தை ஒட்டி நடப்பதை எடுத்துக்கொள்வோம். 100 மில்லியன் பவுண் கற்பனைப் பணத்தில் 15 வீரர்களை வாங்க வேண்டும். ஒரு கழகத்தில் மூவருக்கு மேல் எடுக்க முடியாது. முன்கள வீரர் கோல் அடித்தால் 4 புள்ளி, மத்தியகள வீரருக்கு 5, பின்கள வீரருக்கு 6. மஞ்சள் அட்டை கிடைத்தால் ஒரு புள்ளி கழியும். உண்மையான ஆட்டத்தில் நடப்பதை ஒருவர் இருந்து பதிவு செய்தால்தான் இவ்வளவும் ஓடும். ஆகவே இதை ஆடுபவருக்குப் புள்ளிவிபர இணையத்தளம்தான் மைதானம்.

அப்படியான ஒரு தளம் எப்போது பயனுள்ளதாகிறது? அந்தச் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னர் அணியைப் பூட்டிவிடுவார்கள். நெடுந்தீவில் சிறிய திரையில், அளந்து வாங்கிய டேட்டாவில் பார்ப்பவருக்கு ஐம்பது நிரல்கள் கொண்ட அட்டவணை உதவாது. அவர் கேட்பது எளிய கேள்வி: இந்த வீரர் கடைசி ஐந்து ஆட்டங்களில் எத்தனை நிமிடம் களத்தில் நின்றார்? மொத்தக் கோல் எண்ணிக்கை இதற்குப் பதில் சொல்லாது.

இதற்கு நல்ல முன்னுதாரணம் துடுப்பாட்டத்தில் உண்டு. 1993இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் தொடங்கியது கிரிக்இன்ஃபோ. ஊரை விட்டுத் தூரம் போய், ஓட்ட விபரம் அறிய வழியில்லாமல் இருந்தவர்கள் தாங்களே தட்டச்சு செய்து அதை வளர்த்தார்கள். அவர்களில் ஒருவர் அப்போது கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த தமிழர், பின்னாளில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கிய பத்ரி சேஷாத்ரி. அந்தத் தளத்துக்குள் பிறகு வந்த ஸ்டாட்ஸ்குரு என்ற தேடற்கருவிதான் பெரிய மாற்றம். ஆசிரியர் போட்டுத் தந்த அட்டவணையோடு நிற்காமல், வாசகரே எதிரணி, ஆண்டு, மைதானம் என்று தெரிந்து தனக்கு வேண்டிய கேள்வியைக் கேட்க முடிந்தது.

தீவகத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பதிவில் இல்லாதவரைக் கற்பனை அணியிலும் எடுக்க முடியாது. எங்களுக்கு முதலில் உறைப்பது அதுதான்.

வெற்றிடத்தையும் பூச்சியத்தையும் ஒன்றாகக் காட்டுவது இப்படியான தளங்களில் நடக்கும் மோசமான பிழை. ஆடாமல் இருந்தது வேறு, ஆடி ஓட்டம் எடுக்காதது வேறு, ஆடிய கணக்கு தொலைந்துபோனது வேறு. யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஒன்று என்று எண்ணினால் 2024இல் நடந்தது 121ஆவதாக இருக்க வேண்டும். ஆனால் அது 117ஆவது. அந்த நான்கு ஆண்டுகளுக்குப் பூச்சியம் போட்டால் அது பொய்க்கணக்கு. பெரிய கல்லூரிகளின் நிலையே இது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளில் தீவகம் இடம்பெயர்ந்தபோது உடுத்த உடையோடு வெளியேறியவர்களிடம் கழகத்தின் ஓட்டப் பதிவுக் கொப்பி எங்கே இருந்திருக்கும்? அந்த ஆண்டுகளின் கட்டத்தில் ‘பதிவு இல்லை, இடப்பெயர்வு’ என்று எழுதத் தெரிந்த தளம்தான் எங்களுக்கு வேண்டும்.

அடுத்தது பெயர். விஜயகாந்த் வியாஸ்காந்த் என்பதில் முன்னால் நிற்பது தகப்பன் பெயர். கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எண்ணும் மென்பொருளுக்கு இது விளங்காது. வாய்ப்பாக, அவர் விடயத்தில் குழப்பம் இல்லை. ஆனால் ஒரே முதலெழுத்தோடு ஒரு ஊரில் மூன்று பேர் இருந்தால்? கேற்ஸ், ஊர்காவற்றுறை, ஊர்காவற்துறை என்று மூன்று விதமாக எழுதினால் கணினிக்கு அவை மூன்று ஊர். நயினாதீவும் நாகதீபவும் அதற்கு இரண்டு தீவு. ஆளுக்கும் ஊருக்கும் ஒரு நிலையான இலக்கம் கொடுத்து, எல்லா எழுத்துவடிவங்களையும் அதன் கீழ் கட்டிவிடுவதுதான் வழி.

யாழ். மத்திய கல்லூரி மாணவரான வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக லங்கா பிரீமியர் லீக்கில் இறங்கினார். அவரது முதல் விக்கெட் அஞ்சலோ மெத்தியூஸ். அதுவே அவரது முதல் இருபதுக்கு இருபது போட்டி என்பதால், அன்று புள்ளிவிபரம் பார்த்து அணி தெரிந்தவர்களுக்கு அவர் பெயருக்கு எதிரே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 2024 மே மாதம் ஐ.பி.எல். போட்டியிலும் ஆடினார்.

பழைய கணக்கை மீட்க வழி முழுதாக அடைபடவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகத்தில் பாடசாலை மலர்களும் பழைய பத்திரிகைகளும் இருக்கின்றன. வெளிநாட்டு வீட்டு அலுமாரிகளிலும் ஓரிரு கொப்பிகள் கிடக்கலாம். பக்கத்தைப் படமெடுத்து, கணக்கின் அருகிலேயே அந்தப் படத்தையும் போட்டால் பார்ப்பவர் சரிபார்க்கலாம். துடுப்பாட்டக் கொப்பிக்குள்ளேயே சோதனை இருக்கிறது: துடுப்பாட்ட வீரர்களின் ஓட்டங்களையும் உதிரிகளையும் கூட்டினால் அணியின் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் திருத்தி எழுதாமல் ‘கணக்கு பொருந்தவில்லை’ என்று குறித்துவிட வேண்டும்.

காசு கட்டி ஆடும் கற்பனை அணிகள் வேறு விடயம். இந்தியா 2025 ஓகஸ்டில் சட்டம் கொண்டுவந்து அவற்றைத் தடை செய்தது. டிரீம்11 காசுப் போட்டிகளை நிறுத்தியது. காசு இல்லாமல் நண்பர் வட்டத்தில் ஆடுவதற்கும் அதே புள்ளிவிபரம் போதும்.

பண்ணைப் பாலம் கடந்ததும் வரும் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அடிக்கல் வைத்தார். அங்கே சர்வதேச ஆட்டம் நடக்கும் நாளில் ஒவ்வொரு பந்தும் உலகத் தளங்களில் ஏறும். பக்கத்து ஊரின் மென்பந்துச் சுற்றுப்போட்டிக் கணக்கு இப்போதைக்கு ஒரு கொப்பியில், யாரோ ஒருவரின் வீட்டில்.