கொற்கைக்குப் போகும் பிள்ளை யாரைப் பார்க்கும்?

பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

காலப்பயணக் கதை என்றால் பிள்ளைகளுக்குக் கொள்ளைப் பிரியம். 1906இல் ஈ. நெஸ்பிட் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு தாயத்தை வைத்துக்கொண்டே நான்கு பிள்ளைகளைப் பழைய எகிப்துக்கும் பாபிலோனுக்கும் அனுப்பிவிட்டார். நம் மாவட்டத்திலேயே, கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கர் 'ஆதனின் பொம்மை' என்ற சிறார் நாவலில் இக்காலப் பிள்ளையைப் பழைய கீழடியோடு சேர்த்துவைத்தார். 2023இல் அந்த நூலுக்குச் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது கிடைத்தது. ஆதன் என்பது கீழடிப் பானையோட்டில் பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கும் பெயர். அரண்மனையைத் தேடிப் போகாமல் பானையோட்டைத் தேடிப் போனாரே, அதுதான் எனக்குப் பிடித்தது.

நிற்க. அதுபோல ஒரு கதை நம் கொற்கைக்கும் வேண்டும் என்பது என் ஆசை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஏரல் பக்கம் இருக்கிறது கொற்கை. இன்று போய்ப் பார்த்தால் வயலும் வாழையும் குளமும்தான். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி ஆண்டுக்காண்டு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. 1870களில் கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அறுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்தன. ஒரு கரித்துண்டைச் சோதித்ததில் கி.மு. 785 என்று காலம் வந்தது. 2021இல் மறுபடியும் அகழாய்வு நடந்தது. வேறு ஊர்க் கதைக்குக் கால இயந்திரம் வேண்டும். கொற்கைக் கதைக்கு ஒரு மண்வெட்டி போதும்!

சரி, அங்கே போய் இறங்குகிற பிள்ளை யாரைப் பார்க்கும்? வழக்கமாக எழுதினால் பாண்டியனைப் பார்க்கும். கப்பல், யவனர், குதிரை, முத்துமாலை எல்லாம் பார்த்துவிட்டு, ராஜா கையால் ஒரு முத்தைப் பரிசாக வாங்கிக்கொண்டு வீடு திரும்பும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முத்தைக் கடலுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தவன் யார்?

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழி நூல் கொற்கையைக் 'கொல்கி' என்கிறது. பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்ட அந்த முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் வேலை செய்தார்கள் என்றும் எழுதுகிறது. ஒரே ஒரு செய்திதான். வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு பிள்ளையாவது எழுந்து, "சார், அவங்க என்ன குற்றம் செஞ்சாங்க?" என்று கேட்கும். பெரிப்ளூஸ் அதைச் சொல்லவில்லை.

இங்கேதான் சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகி சிலம்பில் இருந்தது மாணிக்கம். கோவலன் கள்வன் இல்லை என்பதற்கு அந்த வேறுபாடே சாட்சி. கோவலனும் அதே பாண்டிய நாட்டில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவன்தானே? அப்படியானால் கொற்கைக் கடலில் இறக்கப்பட்டவர்களில் எத்தனை கோவலர்கள் இருந்திருப்பார்கள்? காப்பியமும் கடல்வழி நூலும் வேறு வேறு வகை என்பது தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளை கேட்கவேண்டிய கேள்வி இது.

அதற்காக நம் முத்துக்குளிப்பே தண்டனை வேலை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நம் கடற்கரையில் அது தலைமுறை தலைமுறையாகக் கைவந்த தொழில். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாமீனை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு என்று கணக்கே எழுதிவைத்திருக்கிறார். காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் உள்ள பாருக்கு இறங்குவார்கள். ஒரு நிமிடம்போல மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிக் கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவர் இழுத்து ஏற்றுவார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. தன் அக்காள் தங்கை தாலி அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமே!

அரசனின் தண்டனையால் இறங்கியவனுக்குக் கயிறு பிடித்தது யார்? அவனுக்கும் ஒரு மச்சான் வந்து தோணியில் நின்றிருப்பானா? கொற்கைக்குப் போகும் பிள்ளை கையில் முத்தைக் கொடுக்காமல் அந்தக் கயிற்றைக் கொடுத்துப் பாருங்கள். வரலாறு எவ்வளவு கனம் என்று அப்போது தெரியும். அதைத் தெரிந்துகொள்ளப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தைரியம் உண்டு. நமக்குத்தான் சொல்லத் தயக்கம்.

கடைசியாக ஒன்று. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அன்று இருபது வயதில் கடலில் இறங்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், உங்கள் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை பாகம் இறங்கினார், கயிறு பிடித்தது யார், என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தோண்டி எடுக்கக் கொற்கை மண் காத்திருக்கும். அந்தத் தாத்தாக்கள் காத்திருக்க மாட்டார்கள்.