170 டாலர்!

1847ஆம் ஆண்டு, மார்ச் திங்கள் 23ஆம் நாள். அமெரிக்காவில், இன்று ஒக்லஹோமா என்று வழங்கும் நிலப்பரப்பிலே ஸ்கல்லிவில் என்றோர் சிற்றூர். அங்கே ஒரு கூட்டம். அதிகாரிகள் வந்திருந்தனர், பாதிரிமார் வந்திருந்தனர், வணிகர் வந்திருந்தனர். அவர்களோடு, அந்த மண்ணிலே கொண்டுவந்து குடியேற்றப்பட்டிருந்த சோக்டா எனும் பழங்குடி மக்களும் வந்திருந்தனர். கடல் கடந்து, அயர்லாந்து எனும் தீவிலே மக்கள் பட்டினியால் மடிகின்றனர் என்ற செய்தி எடுத்துரைக்கப்பட்டது. கேட்டனர், மடியை அவிழ்த்தனர். திரண்ட தொகை 170 டாலர். அதிலே கணிசமான பகுதி சோக்டா மக்கள் தந்தது.

170 டாலர்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம், நண்பர்களே! கொடுத்தவர் யார் என்று கேட்டுவிட்டுப் பிறகு பிதுக்கலாம்.

மிசிசிப்பிப் பகுதியிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் சோக்டா மக்கள். பருத்தி பயிரிட அந்த நிலம் வேண்டும் என்றனர் வெள்ளையர். 1830இல் ஒப்பந்தம் என்ற பெயரால் ஒரு தாளை நீட்டினர். 1831 முதல் 1833 வரை, கொட்டும் பனியிலே, போர்த்தக் கம்பளியின்றி, உண்ணப் போதிய உணவின்றி, நூற்றுக்கணக்கான மைல் தொலைவு விரட்டப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் பசியாலும் குளிராலும் காலராவாலும் மாண்டனர். கிழவர் வீழ்ந்த இடத்திலே கிழவரைப் புதைத்து, குழந்தை வீழ்ந்த இடத்திலே குழந்தையைப் புதைத்து நடந்த நடை அது. பிற பழங்குடியினரும் அவ்வாறே விரட்டப்பட்ட அந்த வழிக்குக் 'கண்ணீர்ப் பாதை' என்று வரலாறு பெயரிட்டிருக்கிறது. அந்த நடை முடிந்து ஆண்டுகள் பதினான்குதான் ஆகியிருந்தன, 1847இல்.

அதற்காக அவர்களை அப்பழுக்கற்ற வானவராக்கி வணங்கக் கிளம்பிட வேண்டாம். அவர்களிலே வசதி படைத்தோர் சிலர், ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர்களே! உண்மையை மறைத்துப் புகழ் பாடுவது நமக்கு வழக்கமன்று. அவர்கள் செய்த அந்த ஒரு செயலை மட்டும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

அயர்லாந்திலே நடந்தது என்ன? உழவன் விளைவித்த தானியம் நிலக்கிழாருக்குக் குத்தகையாகப் போயிற்று. உழவன் குடும்பத்துக்கு எஞ்சியது உருளைக்கிழங்கு ஒன்றே. 1845இல் அந்தக் கிழங்கை ஒரு நோய் தாக்கியது. தோண்டிய இடமெல்லாம் அழுகல், நாற்றம்! 1841இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1851இல் ஏறத்தாழ 65 இலட்சம். பத்து இலட்சத்துக்குக் குறையாதோர் செத்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினர். மக்கள் கப்பலேறியது மட்டுமா? பசித்த நாட்டின் துறைமுகங்களிலிருந்து ஓட்ஸும், வெண்ணெயும், கால்நடைகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய வண்ணம் இருந்தன.

இந்தப் பஞ்சத்திலே துயர்துடைப்புப் பணியின் கடிவாளத்தைப் பிடித்திருந்தவர், இலண்டன் கருவூலத்துறையின் உயர் அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். மால்தஸ் பாடம் சொன்ன ஹெய்லிபரிக் கல்லூரியிலே பயின்றவர். பஞ்சம் என்பது பரமன் அனுப்பிய படிப்பினை. அதிகமாக உதவினால் ஏழை சோம்பேறியாவான். வணிகத்தின் போக்கிலே அரசு குறுக்கிடலாகாது — இவை அவர் கொள்கைகள். வயிறு காய்கிறது ஏழைக்கு. தத்துவம் பிறக்கிறது அதிகாரிக்கு! கடவுள் பாடம் நடத்துகிறார், குறுக்கே கஞ்சிக் கலயத்தை நீட்டாதீர் என்பதுதானே இதன் பொருள்? இந்தப் பணிக்காக 1848இல் அவருக்குச் 'சர்' பட்டம் சூட்டப்பட்டது. இவரே 1859இல் நம் சென்னைக்குக் கவர்னராக வந்தவர். மக்கள் பூங்காவை அமைத்தவர் என்று இங்கே பாராட்டப்படுகிறவர். பூங்காவைப் பாராட்டட்டும், தடையில்லை. ஆனால் அவர் சென்ற பிறகும் அந்தத் தத்துவம் சாகவில்லை. 1877இல், சென்னை மாகாணம் பஞ்சத்தில் வெந்தபோது, நிவாரண வேலையிலே கல்லுடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதுமென ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தாரே, அது அதே தத்துவத்தின் மறுபதிப்பு.

அரசால் இயலவில்லை என்று சொல்வதற்குமில்லை. 1847 கோடையிலே கஞ்சித் தொட்டிகள் திறந்து, நாளொன்றுக்கு 30 இலட்சம் பேருக்கு உணவளித்துக் காட்டியது அதே அரசு. இலையுதிர்காலம் வந்ததும் தொட்டிகளை மூடிவிட்டது. பஞ்ச ஆண்டுகள் முழுமைக்கும் அது செலவிட்டது ஏறத்தாழ 80 இலட்சம் பவுன்; அதிலும் பெரும்பகுதி கடன் என்று எழுதிவைத்துக் கொடுத்தது. 1833இல், அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு ஈட்டுத் தொகையாக அதே அரசு ஒதுக்கியது எவ்வளவு தெரியுமா? 2 கோடி பவுன்!

கோலோச்சியவர் கணக்குப் பார்த்தனர். கொடுத்தவர் பட்டியலைப் பார்த்தாலோ வியப்பு மேலிடுகிறது. விக்டோரியா அரசியார் 2,000 பவுன் தந்தார். துருக்கி சுல்தான் 1,000 பவுன். கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 14,000 பவுன் சென்றது; கும்பினிப் படையிலிருந்த அயர்லாந்துச் சிப்பாய்கள் முதல் இந்நாட்டார் வரை போட்ட பணம் அது. இங்கிலாந்திலே வூல்விச் கைதிக் கப்பலில் கிடந்த கைதிகள் சில ஷில்லிங்குகள் திரட்டினர். அமெரிக்காவிலே ரிச்மண்ட் நகரில், அடிமைகள் கூடித் தொழுத ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் திருச்சபையும் பணம் அனுப்பியது. தன் உடலே தனக்குச் சொந்தமில்லாதவன், முகம் காணாத ஒருவனின் பசிக்குக் காசு போடுகிறான்!

அந்தக் காசெல்லாம் என்ன ஆயிற்று? பெருந்தொகை திரட்டிய பிரிட்டிஷ் நிவாரணச் சங்கத்தின் கதையைப் பார்ப்போம். ஸ்ட்ரெலெக்கி எனும் போலந்து நாட்டவரை அது மேற்கு அயர்லாந்துக்கு அனுப்பியது. அவர் ஊதியம் பெற மறுத்தவர். பஞ்சக் காய்ச்சலில் விழுந்தும் பணியை விடாதவர். பள்ளிக்கூடத்திலே குழந்தைகளுக்கு உணவு கொடுங்கள் என்றார். 1848இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நாள்தோறும் பள்ளியிலே ரொட்டி தின்றனர். அந்தக் கோடையிலே நிதி தீர்ந்தது, ரொட்டியும் நின்றது. நான் ஆசிரியன். காலையில் உண்ணாமல் வந்த பிள்ளையின் முகத்தை முதல் பாடவேளையிலேயே கண்டுகொள்வேன். கரும்பலகையைப் பார்க்கும் கண் வேறு, மணியோசைக்குக் காத்திருக்கும் கண் வேறு. ரொட்டி நின்ற மறுநாள் அந்தப் பள்ளிகளிலே எத்தனை பெஞ்சுகள் காலியாக இருந்திருக்கும்!

இங்கேதான் நம் தோழர்கள் சிலர் குறுக்கிடுவர். "பிச்சை போட்டா வறுமையை ஒழிப்பது? குத்தகைக் கொடுமையை ஒழி, சுரண்டலை ஒழி, பிறகு ஈகைக்கே வேலையில்லை" என்பர். உண்மை. அயர்லாந்தின் நோய் கிழங்கிலே மட்டும் இல்லை, நில உடைமையிலே இருந்தது. ஆனால் தோழரே, நில உடைமை மாறும் வரை அந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டுமே! 'அமைப்பு மாறட்டும்' என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையைப் பொத்திக்கொள்பவருக்கும், 'ஆண்டவன் சித்தம்' என்று சொல்லிவிட்டுப் பொத்திக்கொள்பவருக்கும், பசித்தவன் கண்ணுக்கு என்ன வேறுபாடு தெரியும்? போராடுவதும் வேண்டும், கொடுப்பதும் வேண்டும். புண்ணியக் கணக்கிலே வரவு வைக்க நாம் கொடுக்கவில்லை; ஆகவே, கொடுத்தால் புகழ், கொடுக்காவிட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் நமக்கு இல்லை.

இதைச் சொல்ல எனக்கே தகுதி குறைவுதான். 2024இல் சூடான் நாட்டிலே பஞ்சம் என்ற செய்தி வந்தபோது, எங்கள் ஆசிரியர் அறையிலே ஓர் உண்டியல் வைத்தோம். மூத்த ஆசிரியர் ஒருவர், "தம்பி, நம் தெருவிலே இல்லாத ஏழையா?" என்றார். கையிலெடுத்த ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்து மீண்டும் பையிலே வைத்துக்கொண்டேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்: அன்று மாலை நம் தெரு ஏழைக்கும் அது போய்ச் சேரவில்லை.

தொலைவு என்ற அந்தச் சாக்கை, 1971இலேயே ஓர் இளைஞர் அலசியிருக்கிறார். பீட்டர் சிங்கர், அப்போது வயது 25. கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஏதிலியராக இந்தியாவுக்குள் ஓடிவந்த நேரம். அவர் கேட்டார்: ஆழமில்லாத குளத்திலே குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் உடை சேறாகும், இறங்காதிருப்பது முறையா? முறையில்லையெனில், குளம் பத்தடி தொலைவிலிருந்தால் ஒரு நீதி, பத்தாயிரம் மைல் தொலைவிலிருந்தால் வேறு நீதியா? பிரிட்டன் அந்த ஏதிலியருக்குத் தந்தது ஒரு கோடியே 47½ இலட்சம் பவுன் என்றும், கான்கார்ட் விமானத்துக்காகத் திரும்பி வாராத வகையில் அது கொட்டியது 27½ கோடி பவுன் என்றும் எடுத்துக் காட்டினார். 1970இல் ஐக்கிய நாடுகள் அவை, செல்வ நாடுகள் தம் வருவாயில் நூற்றுக்கு 0.7 பங்கையேனும் ஏழை நாடுகளுக்குத் தர வேண்டுமெனத் தீர்மானித்தது. 2023இல் அந்த அளவை எட்டிய நாடுகள், விரல் விட்டு எண்ணினால் ஒரு கை போதும். ஐந்து!

தொலைவு பற்றி ஸ்கல்லிவில்லில் கூடியோர் கேட்கவில்லை. தம் தெருவிலே ஏழை இல்லாததாலா? அந்தத் தெரு முழுவதுமே ஏழைத் தெரு!

அயர்லாந்து மறக்கவில்லை. 2017இல் கார்க் மாவட்டத்து மிடில்டன் என்ற ஊரிலே, ஒன்பது கழுகிறகுகள் வானோக்கி வளைந்து நிற்கும் எஃகுச் சின்னமொன்றைத் திறந்துவைத்தது. 2020இல் கொரோனா பரவி, அமெரிக்காவின் நவஹோ, ஹோப்பி பழங்குடிக் குடியிருப்புகளிலே குடிநீருக்கும் உணவுக்கும் மக்கள் தவித்தபோது, அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர். சோக்டா மக்களின் 1847ஆம் ஆண்டுக் கொடைக்காக, என்று குறிப்பெழுதி அனுப்பினர். நவஹோ மக்கள் வேறு, சோக்டா மக்கள் வேறு. அனுப்பியவர்களுக்கு அது தெரியும். தெரிந்தே அனுப்பினர்.