மாரியோ குழியில விழுந்தது யார் தப்பு?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ பெரியப்பா பையன் முன்னாடி மானம் போச்சு மக்களே.

சின்ன வயசுல எங்க வீட்டுல ஒரு 'டிவி கேம்' இருந்துச்சு. கேசட்ல '9999 இன் 1'னு போட்டிருக்கும், உள்ள போனா பத்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அதுல மாரியோன்னா நான்தான். ஒரு லைஃப் போனா கை மாத்தணும்னு சட்டம். எனக்கு லைஃப் போறதுக்குள்ள அண்ணன் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுடுவான். அந்தப் பெருமையில, இப்ப பொட்டி தட்டி வாங்குற சம்பளத்துல, பழைய கேமெல்லாம் ஓடுற கையடக்க மெஷின் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன் (கம்பெனி பேரு வேணாம், விடுங்க). அண்ணன் பக்கத்துல உக்காந்தான். முதல் உலகம், முதல் கட்டம். குழி வருது, ஓடி வர்றேன், தாண்டப் போறேன்... மாரியோ விளிம்புல லேசா தயங்குனாரு. பொதக்.

மறுபடி. பொதக். மூணாவது தடவையும் பொதக்.

"டச் விட்டுப் போச்சுடா உனக்கு"ன்னு அண்ணன் சிரிச்சான். ஊரிலிருந்து திரும்பி ரெண்டு மாசம் நானும் அப்படித்தான் நம்பினேன். விரலுக்கு வயசாயிடுச்சுன்னு ஒரே சோகம். அப்புறம்தான் நம்ம தொழில் புத்தி வேலை செஞ்சுது. பக் வந்தா முதல்ல யூசரைத் திட்டக்கூடாது இல்லையா? வீட்டு டிவிக்குச் செஞ்ச கேம் கைக்குள்ள வர்றப்போ என்னென்ன ஆச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். கிடைச்சது 40 வருஷத்துக்கு மேலான கதை. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

முதல் ஆச்சரியம் இது. நம்ம டிவி கேம்ல இருந்த அந்தக் கூட்டல் குறி பட்டன் இருக்கே, அது வீட்டு மெஷினுக்காகப் பிறந்ததே இல்ல. அது கையடக்க மெஷினோட குழந்தை. நின்டெண்டோவுல கும்பெய் யோகோய்னு ஒரு எஞ்சினியர். புல்லட் ரயில்ல ஒருத்தர் பொழுது போகாம கால்குலேட்டரைத் தட்டி விளையாடிட்டு இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்குக் கையடக்க கேம் யோசனை வந்துச்சாம். 1980ல 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. கால்குலேட்டருக்குப் போடுற அதே மாதிரி எல்சிடி திரை. 1982ல அதே வரிசையில 'டாங்கி காங்' செய்யும்போது சிக்கல். புத்தகம் மாதிரி மடக்குற மெஷின் அது. ஆர்கேடுல இருக்கிற மாதிரி குச்சி வச்சா மூட முடியாது. அதனால தட்டையா ஒரு சிலுவை வடிவம் வச்சார்.

அதோட சூட்சுமம் நடுவுல இருக்கிற முட்டுலதான். சீசா பலகை மாதிரி. வலது பக்கம் அழுத்தினா இடது பக்கம் மேல எழும்பும். ரெண்டு எதிர்த் திசையையும் ஒரே நேரத்துல அழுத்தவே முடியாது. கட்டைவிரலை எடுக்காமலே, கீழ பார்க்காமலே திசை மாத்தலாம். அடுத்த வருஷம், 1983ல, மசாயுகி உவெமுரா தலைமையில செஞ்ச ஃபாமிகாம் வீட்டு மெஷினுக்கும் இதே பட்டன்தான் போச்சு. நம்ம டிவி கேமெல்லாம் அந்த ஃபாமிகாமோட ஜெராக்ஸ்தான், தெரியும்ல?

1985ல ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' செஞ்சப்போ அந்தப் பட்டனை நம்பித்தான் செஞ்சாங்க. 'பி'யைப் பிடிச்சா ஓட்டம், 'ஏ'வைத் தட்டினா குதி. எவ்வளவு நேரம் 'ஏ'வைப் பிடிக்கிறோமோ அவ்வளவு உயரம். ஓடிட்டே குதிச்சா இன்னும் உயரம். கட்டைவிரல் நுனியால 'பி'யைப் பிடிச்சுக்கிட்டே விரல் மடிப்பால 'ஏ'வைத் தட்டுவோமே, அந்த வித்தை ரெண்டு பட்டனுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பொறுத்தது. யாரும் சொல்லித் தரல, நம்ம எல்லாருக்கும் தானா வந்துடுச்சு.

சரி, இதைக் கையடக்கத்துக்குக் கொண்டு போறது சுலபம்தானே? பட்டனே அங்கிருந்து வந்ததுதானே? அங்கதான் இடிக்குது. பட்டன் பொருந்திடும், திரை பொருந்தாது.

1989ல கேம் பாய். அதே சிலுவை, அதே 'ஏ', 'பி'. ஆனா திரை 160க்கு 144 புள்ளி, நாலு சாயல். ஃபாமிகாமுக்கு 256க்கு 240. நாலு ஏஏ பேட்டரியில நிறைய நேரம் ஓடணும், விலையும் கம்மியா இருக்கணும்னு யோகோய் கலரையும் பின்விளக்கையும் வேண்டாம்னுட்டார். அந்தக் கால எல்சிடி வேற மந்தம். வேகமா நகர்ற உருவம் பின்னாடி வால் மாதிரி இழுக்கும்.

இதுக்கு என்ன செஞ்சாங்க தெரியுமா? பழைய மாரியோவைச் சுருக்கல. 'சூப்பர் மாரியோ லேண்ட்'னு புதுசா எழுதினாங்க. யோகோய் தயாரிப்பு, இயக்கம் சடோரு ஒகாடா. மியாமோட்டோ அதுல இல்ல. மூலத்துல ஒரு கல்லு 16 புள்ளி அகலம், இதுல 8 புள்ளி. கணக்குப் போடுங்க: டிவியில ஒரு திரைக்கு 16 கல்லு, கேம் பாய்ல 20 கல்லு. குட்டித் திரையில டிவியை விட அதிக தூரம் தெரியுது! மாரியோ எறும்பு மாதிரி இருப்பார்தான். ஆனா குழி வர்றது முன்னாடியே தெரியும். 1.8 கோடிக்கு மேல வித்தது சும்மா இல்ல. 1992ல வந்த ரெண்டாவது பாகத்துல உருவத்தைப் பெருசாக்கினாங்க, கூடவே ஆட்டத்தையும் நிதானமாக்கிட்டாங்க. ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணைக் குறைக்கணும்னு தெரிஞ்சவங்க.

தெரியாதவங்களும் இருந்தாங்க. 1990ல சேகாவோட கேம் கியர் வந்துச்சு. கலரு, பின்விளக்கு, ஆறு ஏஏ பேட்டரி. மூணுல இருந்து அஞ்சு மணி நேரத்துல காலி. உள்ள ஏறக்குறைய அவங்க மாஸ்டர் சிஸ்டம் வீட்டு மெஷினேதான், திரை மட்டும் 256க்கு 192லிருந்து 160க்கு 144 ஆச்சு. 1992ல 'சோனிக் 2' ரெண்டுக்கும் வந்துச்சு. கேம் கியர்ல முதல் வில்லன்கிட்டயே பாதிப் பேர் அழுதாங்க. சரிவுல நிக்கணும், உருண்டைங்க குதிச்சு குதிச்சு வரும், தப்பிக்கணும். கையில மோதிரம் ஒண்ணும் கிடையாது, ஒரு அடி பட்டா போச்சு. டிவியில உருண்டை தூரத்துல வரும்போதே தெரியும். கேம் கியர்ல அது திரைக்குள்ள வரும்போது மூக்குக்கு நேரா வந்துடும். கட்டுப்பாடு ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆனா விளையாடுறவனுக்கு 'பட்டன் வேலை செய்யல'ன்னுதான் தோணும். யோசிக்கக் கிடைக்கிற நேரத்தைத் திருடிட்டா, பழி விரல் மேல விழும்.

இதை எண்ணுலயே பார்க்கலாம். 1999ல கேம் பாய் கலருக்கு அசல் மாரியோவையே 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்'னு கொண்டு வந்தாங்க. உருவம் அதே அளவு, சன்னல் மட்டும் சின்னது. முழு ஓட்டத்துல மாரியோ ஒரு ஃப்ரேமுக்கு 2.5 புள்ளி நகர்வார். நொடிக்கு 60 ஃப்ரேம். மாரியோ திரை நடுவுல இருக்கார்னு வச்சுக்கிட்டா, டிவியில முன்னாடி 128 புள்ளி, அதாவது சுமார் 0.85 நொடி. கேம் பாய் கலர்ல 80 புள்ளி, சுமார் 0.53 நொடி. எதிரியைப் பார்த்து முடிவெடுக்குற நேரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல அவுட்! மேலயும் கீழயும் வேற வெட்டு. அதனால மேல், கீழ் பட்டனை அழுத்தி எட்டிப் பார்க்க வசதி வச்சாங்க. குனிஞ்சு பார்த்துட்டு கிணத்துல குதிக்கிற மாதிரி :-)

2001ல கேம் பாய் அட்வான்ஸ் வந்தப்போ அகலப் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்துச்சு. 240க்கு 160. சூப்பர் ஃபாமிகாமோட 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' 256 அகலம், போனது 16 புள்ளிதான். ஆனா இப்ப பட்டன் பத்தல. அசல்ல முகப்புல நாலு பட்டன், இதுல ரெண்டு. சுழல் குதியை மேல் விளிம்புல இருக்கிற 'ஆர்'க்கு மாத்தினாங்க. அசல்ல ரெண்டு குதியும் ஒரே கட்டைவிரல் வேலை. இதுல ஒண்ணு கட்டைவிரல், ஒண்ணு ஆள்காட்டி விரல். முதல் நாள் தடுமாறும், மூணாவது நாள் பழகிடும். யோசிச்சு செஞ்ச மாத்தம்னா கை மன்னிச்சுடும்.

மன்னிக்காதது 2006ல வந்துச்சு. சோனிக்கோட 15வது வருஷக் கொண்டாட்டம்னு முதல் சோனிக்கை கேம் பாய் அட்வான்ஸுல இறக்கினாங்க. திணறித் திணறி ஓடுச்சு. வேகத்துக்குன்னே பிறந்த முள்ளம்பன்றி, மாட்டு வண்டி மாதிரி. 320 அகலத்தை 240 ஆக்கினதால பார்வையும் போச்சு. மெஷினைக் குத்தம் சொல்ல முடியாது, ஏன்னா 2001லயே அதே மெஷினுக்குன்னு செஞ்ச 'சோனிக் அட்வான்ஸ்' பறந்துச்சு. கடுப்பான ரசிகர் ஒருத்தர், ஸ்டெல்த்னு பேர் வச்சிருந்த சைமன் தாம்லி, தானே அந்த மெஷின்ல அசல் சோனிக்கை ஒழுங்கா ஓட்டிக் காட்டினார். அதே ஆள் 2017ல சேகா வெளியிட்ட 'சோனிக் மேனியா'வைச் செஞ்ச குழுவுல ஒருத்தர். நம்ம ஆபீஸ்ல 'இதெல்லாம் முடியாது சார்'னு மெயில் போடுற ஆளுங்களுக்கு இந்தக் கதையை ஃப்ரேம் போட்டு மாட்டணும்.

மத்ததெல்லாம் சுருக்கமா. 2004ல நின்டெண்டோ டிஎஸ்ல மாரியோ 64. அனலாக் குச்சிக்காகவே 1996ல செஞ்ச கேமை சிலுவை பட்டன்ல ஓட்டச் சொன்னாங்க. மெதுவா நடக்குறதும் ஓடுறதும் குச்சியில ஒரே விரல் அசைவு, இங்க ஓட 'ஒய்'யைப் பிடிக்கணும். 2016ல போனுக்கு வந்த 'சூப்பர் மாரியோ ரன்'ல பட்டனே கிடையாது. அதனால மாரியோவைத் தானா ஓட விட்டுட்டு நம்மகிட்ட குதியை மட்டும் கொடுத்தாங்க. நேர்மையான முடிவு. 2017ல ஸ்விட்ச்சோட இடது பக்கத்துல சிலுவையே இல்ல, நாலு தனிப் பட்டன். கழட்டி ரெண்டு பேரு ஆளுக்கு ஒண்ணா வச்சு விளையாடணும்னு. 2019ல வந்த ஸ்விட்ச் லைட்டைக் கழட்ட முடியாது. அதுல சிலுவை திரும்பி வந்துடுச்சு.

சரி, என் குழிக்கு வருவோம்.

என் மெஷின்ல திரையில குறையில்ல, முழுப் படமும் தெரியுது. அப்ப ஏன் அந்தத் தயக்கம்? எந்தப் பட்டன் அழுத்தப்படுதுன்னு காட்டுற சோதனைத் திரையைத் திறந்து, வலதை மட்டும் அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் துளி சாஞ்சா போதும், கூடவே 'கீழ்'னும் விளக்கு எரியுது! நடுமுட்டு சரியில்லாததால சிலுவை ரொம்ப ஆழமா சாயுது. இப்ப அசல் கேமோட நிரலைப் பாருங்க. மாரியோ தரையில இருக்கும்போது கீழயும் பக்கவாட்டும் சேர்ந்து வந்தா, ரெண்டையுமே அது தூக்கிப் போட்டுடும். அதாவது 'யாரும் எதையும் அழுத்தல'. குழிக்கு முன்னாடி பதட்டத்துல விரல் அழுந்துற அந்த நொடியில மாரியோவுக்கு ஓடுன்னு சொல்ல ஆளே இல்ல. அந்தத் தயக்கம் அதுதான்!

மெஷினைக் கழட்டி, சிலுவைக்குக் கீழ சர்க்யூட் போர்டுல இருக்கிற தொடுபுள்ளிகளோட ஓரத்துல மெல்லிசா செல்லோ டேப் ஒட்டினேன். தொடுற பரப்பு குறைஞ்சுது, சும்மா சாஞ்சதுக்கெல்லாம் சிக்னல் போகல. மொத்த செலவு டேப் மட்டும். மூடிட்டுப் போட்டேன். முதல் குழி, ரெண்டாவது குழி, கொடிக் கம்பம். கட்டைவிரல் மடிப்பு தானா 'ஏ' மேல போய் உக்காந்துச்சு. 20 வருஷமா அந்த விரல் எதையும் மறக்கல. நான்தான் ரெண்டு மாசம் அதைச் சந்தேகப்பட்டுட்டேன்.

அண்ணனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். "சரி சரி, தீபாவளிக்கு எடுத்துட்டு வா, லைஃபுக்கு லைஃப் கை மாத்தணும்"னு மட்டும் பதில் போட்டான். டேப் ஒட்டினதை இன்னும் அவன்கிட்ட சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க.

டிஸ்கி: நீங்களும் பழைய மெஷின் ஏதாவது வாங்கி மாரியோ விழுறாருன்னா, உங்களைத் திட்டிக்கறதுக்கு முன்னாடி வலது பட்டனை மட்டும் அழுத்திப் பாருங்க. பழைய டிவி கேம் நினைப்பு இருக்கிறவங்க பின்னூட்டத்துல கொட்டிட்டுப் போங்க.