மின்சார சிகிச்சையின் பூர்வகதை

கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மானாவாரி நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்ற மங்களூர் வட்டாரத்துக் குடியானவர் ஒருவர், களையெடுத்தும் மூட்டை சுமந்தும் இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு, தைலமும் ஒத்தடமும் பயன்படாமற்போகவே விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறி, பிசியோதெரபி நிலையமொன்றில் அரைமணி நேரம் படுத்திருந்து ஊர் திரும்புவாரானால், "கரண்டு வைத்துக்கொண்டு வந்தேன்" என்ற ஒரே வாக்கியத்தில் அந்தச் சிகிச்சை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார். விருத்தாசலத்துச் சூளைகளில் மண் பிசைந்தும், அச்சில் வார்த்தும், வார்த்ததைத் தூக்கி அடுக்கியும் தோள்பட்டை இறுகிப்போன பீங்கான் தொழிலாளியும் அவ்வாறே சொல்லுவார். கேட்பவர்கள் இதனை நேற்றுப் பிறந்த நவீன வித்தையென்று கருதுவது இயல்பே. ஆயினும், மின்சாரம் என்பது இன்னதென்று மனிதன் அறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னதாகவே அதைக்கொண்டு வலியைத் தணிக்கும் முயற்சி தொடங்கிவிட்டது; அந்த முயற்சியின் சரித்திரத்தில் நம்முடைய சோழமண்டலக் கரையும் இரண்டோர் இடங்களில் தலைகாட்டுகிறது.

ஆதியில் இச்சிகிச்சைக்கு உபகரணமாக இருந்தது உயிருள்ள ஒரு மீன். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், நெடுநாள் தலைவலிக்கு மின் திருக்கையை நெற்றியில் வைக்கவேண்டும் என்றும், கால்விரல் மூட்டு வீங்கி நோகும் வாதரத்தத்துக்கு ஈரமான கடற்கரையில் அம்மீன்மீது பாதத்தை ஊன்றி முழங்கால் வரையில் மரத்துப்போகும் மட்டும் நிற்கவேண்டும் என்றும் தம்முடைய ஔஷத நூலில் விதித்திருக்கிறார். மரத்துப்போனால் வலி தெரியாது என்பது அவருக்கு அனுபவத்தால் தெரிந்தது. ஏன் மரத்துப்போகிறது என்பது அவருக்கு மட்டுமல்ல, அவருக்குப் பின் ஆயிரத்தெழுநூறு ஆண்டுகள் வரை யாருக்குமே தெரியாது.

கண்ணாடிக் கோளத்தைச் சுழற்றித் தேய்த்துப் பொறி பறக்கவிடும் யந்திரங்கள் ஐரோப்பியப் பிரபுக்களின் கூடங்களில் வேடிக்கைப் பொருளாகிவிட்ட 1740களில், இந்தப் பொறியால் மனிதனுக்கு ஏதாவது உபயோகமுண்டா என்ற கேள்வி ஜெர்மனியின் ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் எழுந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று அச்சுக்கூடம் கண்ட சீகன்பால்கு படித்த இடமும், அவருக்குப் பின் வந்த பாதிரிமார்கள் நம் ஓலைச்சுவடிகளைக் கப்பலேற்றி அனுப்பி வைத்த இடமும் அதே ஹாலேதான். அங்கே ஆசிரியராக இருந்த கிரூகர் என்பவர் 1743இல், மின்சாரத்துக்கு ஏதேனும் பிரயோஜனம் இருக்குமானால் அது வைத்தியத்தில்தான் இருக்கவேண்டும், அதிலும் முடங்கிய அவயவங்களில்தான் தேடவேண்டும் என்று பேசினார். அவருடைய மாணாக்கரான கிராட்சென்ஸ்டைன், இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர், மறு ஆண்டே அதைச் செய்து பார்த்து, சுருங்கிப்போன சுண்டுவிரலையுடைய ஒரு பெண்ணுக்குக் கால்மணி நேரத்தில் விரல் நீண்டதென்றும், இரண்டு விரல்கள் செயலற்றிருந்த மற்றொருவர் மறுபடியும் இசைக்கருவியை வாசித்தாரென்றும் எழுதி வெளியிட்டார். மின்சார வைத்தியத்தைப் பற்றிய முதல் நூல்களில் ஒன்றாக இன்றும் எண்ணப்படுவது அது. பின்னாளில் அவர் கோபன்ஹேகனில் பேராசிரியரானார். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிடும்வரையில் தரங்கம்பாடிக் கோட்டைக்கு உடையவராக இருந்த டேனிஷ் அரசரே அவருக்கும் சம்பளம் அளந்தவர்.

கிராட்சென்ஸ்டைன் எழுதியதைப் படிக்கும்போது, அந்த விரல் மறுநாளும் நீண்டிருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின். பக்கவாதத்தால் கைகால் விழுந்தவர்கள் பல ஊர்களிலிருந்தும் அவருடைய வீடு தேடி வந்தார்கள். லெய்டன் ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து, செயலிழந்த அங்கத்தில் நாள்தோறும் பல முறை அதிர்ச்சி கொடுத்தார். முதற்சில நாட்கள் அங்கத்தில் சூடு உண்டாயிற்று, கொஞ்சம் அசைவும் வந்தது. ஐந்தாம் நாளுக்குப் பின் மேற்கொண்டு முன்னேற்றமில்லை. நோயாளிகள் சோர்ந்து வீடு திரும்பினார்கள், திரும்பியதும் பழைய நிலைமைக்கே போய்விட்டார்கள். 1757 டிசம்பரில் இதைக் குறித்து எழுதிய கடிதத்தில், கண்ட அந்தச் சிறு நன்மையும்கூட மின்சாரத்தால் வந்ததா, அல்லது தினமும் தம் வீடுவரை வந்துபோன நடையாலும் குணமாகும் என்ற நம்பிக்கையாலும் வந்ததா என்று அவர் ஐயுற்றார். தாம் கையாண்ட மருந்தைத் தாமே சந்தேகித்த வைத்தியர் எக்காலத்திலும் அரியர். இந்தச் சிகிச்சையைப் பற்றி இருநூற்றைம்பது ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றில் அந்தக் கடிதத்தை மிஞ்சிய விவேகம் வேறெதிலும் இல்லையென்பது என் அபிப்பிராயம்.

மின் திருக்கை தருவது மின்சாரமே என்று நிரூபித்தவரோ சென்னையில் பிறந்தவர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1726இல் பிறந்த ஜான் வால்ஷ், கும்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து, பிளாசி யுத்த காலத்தில் ராபர்ட் கிளைவின் அந்தரங்கக் காரியதரிசியாக இருந்து, பெருஞ்செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பிப் பார்லிமெண்டில் அமர்ந்தவர். வங்காளத்தில் சேர்த்த அந்தப் பணம் எவ்வளவு நியாயமானது என்ற விவாதம் ஒருபுறமிருக்க, அவர் அதில் ஒரு பங்கைச் சாஸ்திரத்துக்குச் செலவிட்டார். பிராங்க்ளினின் ஊக்கத்தால் 1772இல் பிரான்சின் ரோஷெல் துறைமுகத்துக்குச் சென்று, செம்படவர்களிடம் திருக்கைகளை வாங்கி, பலரை வரிசையாகத் தொடுத்து நிறுத்தி, மீனின் முதுகிலும் வயிற்றிலும் ஏககாலத்தில் தொடர்பு ஏற்படும்போதுதான் அதிர்ச்சி அனைவரையும் ஊடுருவுகிறது என்றும், உலோகம் கடத்துவதையும் கண்ணாடி தடுப்பதையும் கொண்டு இது லெய்டன் ஜாடியின் சக்தியோடு ஒத்ததே என்றும் காட்டினார். பிராங்க்ளினுக்கு எழுதிய கடித ரூபத்திலேயே அந்த ஆராய்ச்சி வெளிவந்தது; ராயல் சொசைட்டி 1773இல் அதற்குக் காப்ளி பதக்கம் அளித்தது. ரோமானிய வைத்தியர் தம்மையறியாமலே செய்தது மின்சார சிகிச்சைதான் என்பது அன்றுதான் உறுதியாயிற்று.

நம் கடலில் இந்த மீன் இல்லையா என்றால், உண்டு. தரங்கம்பாடியில் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், வலைஞர் கரைசேர்த்த மீன்களைச் சேகரித்துப் பெர்லினில் இருந்த புளோக் என்ற மீனியல் வல்லுநருக்கு அனுப்பிவந்தார். நன்றியறிதலாகப் புளோக் ஒரு மீனினத்துக்கே ஜானின் பெயரை இட்டார். புளோக் இறந்தபின் ஷ்னைடர் முடித்து 1801இல் பதிப்பித்த பெருநூலில், தரங்கம்பாடிக் கடலிலிருந்து சென்ற மின் திருக்கையொன்றும் இடம்பெற்றது. இன்று அது நார்சீன் திம்லெய் எனப்படுகிறது. திட்டக்குடியைத் தொட்டு ஓடுகின்ற வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கலப்பதும் அந்தக் கடலில்தான். ஷ்னைடர் பதிப்பித்த அந்த நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன், இத்தாலியின் வோல்டா வெள்ளித்தகடும் துத்தநாகத்தகடும் மாற்றி மாற்றி அடுக்கி உலகின் முதல் மின்கலத்தை அமைத்தபோது, அந்த அடுக்கைத் திருக்கையின் மின்னுறுப்புக்கு ஒப்பிட்டே லண்டனுக்கு எழுதினார்.

அதன்பின் வந்த நூறாண்டின் கதையில் பாதி விஞ்ஞானம், பாதி புரட்டு. 1831இல் பாரடே தூண்டுமின்சாரத்தைக் கண்ட பிறகு, விட்டுவிட்டு வரும் அந்த மின்சாரத்தை ஈரத்துணி சுற்றிய முனைகளால் தோலின்மேல் குறிப்பிட்ட இடத்தில் வைத்து, ஒரு தசையை மட்டும் தனியாக இழுக்கவைக்கலாம் என்று பாரிஸ் நகரத்து டியூஷேன் காட்டி, 1855இல் நூலாக வெளியிட்டார். எந்தத் தசை எந்த அசைவைச் செய்கிறது, எந்தத் தசைக்கு நரம்பு செத்துவிட்டது என்பவற்றை உயிருள்ள உடலிலேயே அறிய அது வழிவகுத்தது. மறுபுறத்தில், இடுப்பில் கட்டிக்கொண்டால் சகல ரோகமும் தீரும் என்ற விளம்பரத்தோடு மின்சார வார்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளமாக விற்றன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதே நல்லது. அந்தச் சரக்கு இன்றும் வேறு பெயர்களில் விற்கத்தான் செய்கிறது.

யந்திரங்கள் ஆஸ்பத்திரிகளில் நிலைகொள்ள முதலில் ஊரில் மின்சாரம் வேண்டும். சென்னை ராஜதானியில் 1930களில் பைக்காராவும் மேட்டூரும் அதைக் கொடுக்கத் தொடங்கின; விருத்தாசலத்துப் பக்கத்துக்கோ அண்டை நிலத்தின் அடியிலேயே அது இருந்தது. நெய்வேலியில் 1957 மே மாதம் பிரதமர் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரியை அடைவதற்கு மேல்மண்ணைப் பெயர்த்தபோது வெண்களிமண்ணும் சேர்ந்து கிடைத்தது. 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் யந்திரம் சுழன்றது. நிலக்கரி மின்சாரமாயிற்று, களிமண் விருத்தாசலத்துச் சூளைகளில் பொம்மையாகவும், கோப்பையாகவும், வீட்டுச் சுவரில் மாட்டும் பியூஸ் கட்டையாகவும், மின்சாரம் வழிதவறாமல் தடுத்துநிறுத்தும் பீங்கானாகவும் வெந்து வெளிவந்தது.

இந்தியாவில் பிசியோதெரபி ஒரு முறையான படிப்பாக வேரூன்றக் காரணமாக இருந்தது இளம்பிள்ளை வாதம். 1940களின் இறுதியில் பம்பாயில் அந்நோய் பரவிக் குழந்தைகள் பலர் கால் சூம்பிப்போனபின், 1950களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் உதவியுடன் அங்குள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நாட்டின் முதற் பயிற்சிப்பள்ளி ஏற்பட்டது. தமிழ்நாட்டில் அந்தத் துறைக்குப் பெருமை தேடித்தந்த இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1946இல் அங்கே வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம்மாற்றித் தைத்தார். ஆனால் இடம்மாறிய தசைக்கு அதன் புதிய வேலையைக் கற்பிப்பது கத்தியால் ஆகிற காரியமல்ல, வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குகின்றவரால் ஆவது. அவருடைய சகாவான டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்தக் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1960களில் வேலூரில் அதற்கென ஒரு தனித் துறையையே உருவாக்கினார். வலி மறைந்துவிட்டால் மட்டும் போதாது, மனிதன் மறுபடி எழுந்து தன் வேலையைப் பார்க்கவேண்டும் என்ற நோக்கம் தமிழ்நாட்டு வைத்தியத்தில் ஊன்றியதற்கு அந்த அம்மையார் முக்கிய காரணம்.

வலி ஏன் தணிகிறது என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது 1965இல். ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர், வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பிழைகளும், தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகளும் முதுகுத்தண்டில் சந்திக்கும் இடத்தில், ஏரி மதகைப்போல ஒரு தடுப்பு இருக்கிறதென்றும், தடித்த இழைகளில் செய்தி மிகுமானால் அந்த மதகு இறங்கி வலியின் வரத்து குறைந்துவிடுகிறதென்றும் கூறினார்கள். அடிபட்ட இடத்தை அனிச்சையாகவே நாம் தேய்த்துவிட்டுக்கொள்வதும், சித்த வைத்தியர்கள் தொக்கணம் என்ற பெயரில் தட்டியும் பிடித்தும் இறுக்கியும் விடுவதும் ஏன் இதம் தருகின்றன என்பதும் இதனால் ஓரளவு விளங்கிற்று. அடுத்த பத்தாண்டுக்குள், தோலின்மேல் பட்டைகளை ஒட்டித் தடித்த இழைகளை மட்டும் மெல்லக் கிளறும் டென்ஸ் என்ற சிறு கருவி பாட்டரியில் ஓடத் தொடங்கியது. பிசியோதெரபி நிலையங்களில் நான்கு பட்டைகள் வைத்துக் கொடுக்கும் ஐ.எஃப்.டி., ஆஸ்திரியாவின் நெமெக் 1950களில் வகுத்தது. அதிர்வெண் சற்றே வேறுபட்ட இரண்டு மின்சாரங்கள் உடலுக்குள் குறுக்கிட்டு மூன்றாவதாக ஒரு துடிப்பை உண்டாக்குகின்றன என்பது அதன் தத்துவம்.

தசைக்குக் கொடுப்பது வேறு வகை. அதில் மின்சாரம் நரம்பைத் தூண்ட, நரம்பு தசையைச் சுருக்குகிறது. முழங்கால் ரண சிகிச்சைக்குப் பிறகு தொடைத் தசை நம் ஆணைக்குக் கட்டுப்பட மறுக்கும் முதல் சில வாரங்களில் இது உண்மையாகவே கைகொடுக்கிறது. நரம்பு அறுந்த தசைக்கோ சாதாரணத் துடிப்பு பயன்படாது. நீண்ட துடிப்பே வேண்டும், அதன் பலனும் சொற்பம்.

ஆக, இதன் மதிப்பு எவ்வளவு? டென்ஸ் பற்றி நடந்த 381 பரிசோதனைகளை ஒருசேர ஆராய்ந்து 2022இல் வெளிவந்த அறிக்கை, கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைவதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறதென்கிறது. 2023 டிசம்பரில் உலகச் சுகாதார ஸ்தாபனம் நாட்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டியோ, வழக்கமான சிகிச்சையாக டென்ஸை வைக்கவேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, முறையான உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்கிறது. இரண்டும் முரண்படுவனவல்ல. கரண்டு தருவது சிறிது நேர நிம்மதி. அந்த நிம்மதியில் உடம்பை அசைத்துப் பழகிக்கொள்பவனுக்கே லாபம் நிற்கிறது. பிராங்க்ளின் சந்தேகித்த நடைக்குத்தான் கடைசியில் தீர்ப்பு சாதகமாயிற்று.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் கிராமத்து வீடுகளுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். கரண்டு வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் அந்தப் பயிற்சியை வீட்டில் விடாமல் செய்யவேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தாலும், பட்டையை ஒட்டுவதற்கு முன்னமே அதைச் சொல்லிவிடவேண்டும்.