சிங்கமும் இரத்தமும்: ஒரு ஸ்டிக்கரின் வரலாறு

2016 ஜனவரியில் ஒரு நாள், எங்களுக்கு முன்னால் போன ஆட்டோவின் பின்புறத்தைக் காட்டி என் மகன் கேட்டான்: “வாப்பா, அது எங்கட கொடியில உள்ள சிங்கம்தானே?”

வாளேந்திய அதே சிங்கம்தான். பக்கத்தில் சிங்களத்தில் ‘சிங்ஹ லே’ என்று எழுதியிருந்தது. ‘லே’ மட்டும் சிவப்பில். லே என்றால் இரத்தம். அந்த மாதம்தான் நுகேகொடையில் முஸ்லிம் வீடுகளின் கேற்றுகளில் இதே சொல்லைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். மகனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

பிறகுதான் யோசித்தேன். சேர்த்து எழுதினால் ‘சிங்ஹலே’ ஒரு நாட்டின் பெயர். கண்டி இராச்சியத்தை அப்படித்தான் அழைத்தார்கள். போர்த்துக்கீசர் துரத்திய முஸ்லிம்களுக்கு 17ஆம் நூற்றாண்டில் செனரத் மன்னன் புகலிடம் கொடுத்தது அந்தச் சிங்ஹலேயில்தான். தவளம் மாடுகளில் பொதியேற்றி, ‘மடிகே’ என்ற அரச போக்குவரத்துப் பிரிவில் நம் முன்னோர் ஊழியம் செய்ததும் அங்கேதான். சொல்லை இரண்டாக உடைத்ததும் மண்ணின் பெயர் இரத்தத்தின் பெயராகிவிட்டது. மண்ணில் வந்து குடியேறலாம். இரத்தத்தில் எப்படிக் குடியேறுவது?

கொடிக்கும் இதே கதிதான். 1948இல் சுதந்திரத்தின்போது ஏறியது சிங்கம் மட்டும் உள்ள கொடி. பின்னர் அமைந்த குழுவில் நம்மவரான டி.பி. ஜாயாவும் இருந்தார். 1951இல் முஸ்லிம்களுக்குப் பச்சையும் தமிழர்களுக்குச் செம்மஞ்சளுமாக இரண்டு பட்டிகள் சேர்ந்தன. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் அந்த முடிவுக்கு உடன்படவில்லை. 2015 ஏப்ரலில் கொழும்பில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் அந்தப் பட்டிகளே இல்லாத கொடிகளைப் பிடித்திருந்தார்கள்.

வெறுப்புச் சின்னங்கள் பெரும்பாலும் புதிதாகப் பிறப்பதில்லை, களவெடுக்கப்படுகின்றன. இந்துக்களும் பௌத்தர்களும் மங்கலமாகக் கருதும் சுவஸ்திகாவை 1920இல் நாஜிக் கட்சி தன் கொடியில் வைத்தது. 1935இல் அது ஜேர்மனியின் அரசுக் கொடியானது. இன்று ஐரோப்பாவில் ஒரு யூதருக்கு அதைக் கண்டால் நெஞ்சு பதறும். நம் ஊர்க் கோயில் வாசலிலோ அது வாழ்த்தாகவே நிற்கிறது. கோடுகள் ஏறக்குறைய ஒன்றுதான். யார், எதற்காகத் தூக்குகிறார்கள் என்பதில்தான் பொருள் மாறுகிறது.

ஸ்டிக்கருக்குப் பயந்து சிங்கத்தையே நாம் அந்நியமாகப் பார்த்தால், ஒட்டியவர்கள் சொல்ல வந்ததை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்று மகன் கேட்டால் இப்படிச் சொல்வேன்: “ஓம் மகன், அது எங்கட சிங்கம்தான். சிங்ஹலேயும் எங்கட ஊர்தான். அவங்க அதை உடைச்சு எழுதியிருக்கிறாங்க. நீ சேர்த்து வாசி.”