மச்சப் பொன்: ஆண்மை எண்ணாக மாறியது பற்றிச் சில குறிப்புகள்

முதுகுன்றத்துச் சிவன் சுந்தரருக்கு 12,000 பொன் கொடுத்தார். மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. சுந்தரர் பக்தர்தான், ஆனாலும் விவரமான ஆளு. ஆற்றில் போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். ஆரூரில் எடுத்ததும் மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார், மாற்று குறைந்திருந்தது. ஏயர்கோன் கலிக்காமர் புராணத்துக்குள்ளே சேக்கிழார் சொல்கிற கதை இது. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று நாம் கேலியாகச் சொல்வதெல்லாம் இந்த விருத்தாசலத்து ஆற்றிலிருந்து கிளம்பியதுதான். பழமொழியில் மச்சம் மட்டும் காணாமல் போய்விட்டது. கதையின் மையமே அதுதான் என்று எனக்குப் படுகிறது. மாறப்போகிற ஒரு பொருளை, அது மாறுவதற்கு முன்னால், ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்வது.

இது ஞாபகம் வந்தது ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபோது. இங்கே செராமிக் தொழிற்பேட்டையில் சூளை பார்க்கிற அண்ணன் ஒருவர், வயது 44, கொண்டுவந்து நீட்டினார். ஏதோ முகாமில் ‘முழு உடல் பரிசோதனை’ என்று எடுத்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து, தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் ரத்தம் கொடுத்திருக்கிறார். டெஸ்டோஸ்டிரான் 271. பக்கத்திலே தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்று அடித்திருந்தது. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று முகாமிலேயே ஒருத்தர் சொல்லியிருக்கிறார். “தம்பி, நீ படிச்சவன். நான் இப்ப ஆம்பளைதானா இல்லியா, இந்தத் தாளு என்னா சொல்லுது?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றியது. பிறகு யோசித்தால், கேள்வியில் பாதி எங்கள் துறைதான். ‘ஆண்மை’ என்ற சொல்லுக்கு ஒரு எண் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது?

வள்ளுவர் பேராண்மை என்பது பிறன் மனைவியை நோக்காமல் இருப்பதை. புறநானூற்று மரபில் அது போர்க்களத்துச் சரக்கு. பெரியார், பெண்ணுக்கு விடுதலை வேண்டுமானால் ஆண்மை என்ற தத்துவமே ஒழிய வேண்டும் என்றார். இவை எதிலும் அளவுகோல் கிடையாது. உடலுக்குள் இறக்கி வைத்துப் பேசியது சித்த மருத்துவம். ஏழு உடற்கட்டுகளில் சாரத்தில் தொடங்கி செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று வடிந்து வடிந்து கடைசியில் சேர்வது சுக்கிலம். இது சேமிப்பின் சொல்லாடல். செலவழித்தால் தீரும், அடக்கினால் கூடும். லாட்ஜில் மாதத்துக்கு ஒரு தேதி வந்து உட்காரும் பரம்பரை வைத்தியர்களின் பிழைப்பு இந்தப் பயத்தின் மேல்தான் நடந்தது. ‘தாது’ நஷ்டமாகிறது என்று வந்து நிற்கும் இளைஞர்களைப் பார்த்து 1960இல் மனநல மருத்துவர் என். என். விக் இதற்குத் தாது நோய்க்கூறு என்று பேர் வைத்தார். கவனிக்க வேண்டியது: அந்தப் பயம் செலவைப் பற்றியது. இன்றைய பயம் அளவைப் பற்றியது. இருப்புக் கணக்கு போய், மீட்டர் வந்துவிட்டது.

மீட்டர் வந்த பாதை ஐரோப்பாவில் இருக்கிறது. 1849இல் கோட்டிங்கனில் பெர்த்தோல்ட் ஆறு சேவல்களுக்கு விதை எடுத்தார். விதையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்துத் தைத்தவற்றுக்குக் கொண்டை வளர்ந்தது, கூவின, சண்டை போட்டன. நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை, ஆகவே ரத்தத்தில் ஏதோ கலக்கிறது என்று முடிவுக்கு வந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1889இல் பாரிசில் 72 வயது பிரவுன்-செக்கார், நாய், கினிப்பன்றி விதைகளின் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அந்த ஹார்மோன் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அதாவது அவருக்கு ஏறியது நம்பிக்கை மட்டும்தான். 1920களில் வொரொனோவ் குரங்கு விதையைத் துண்டு போட்டு ஒட்டினார். ஸ்டைனாக் விந்துக் குழாயைக் கட்டிவிட்டால் இளமை வரும் என்றார். ஃப்ராய்ட் 1923இல் செய்துகொண்டார், கவிஞர் யேட்ஸ் 1934இல். (யேட்ஸ் அதற்கப்புறம் புரோகித் சுவாமியோடு சேர்ந்து உபநிடதங்களை மொழிபெயர்த்தார். இரண்டு தேடலையும் ஒரே ஆளு ஒரே காலத்தில் செய்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.) நம்மூர்க் கதையிலும் இது உண்டு. குரு நமசிவாயர் விருத்தாம்பிகையைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்க, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று அம்மன் கேட்டாளாம். இளையவளாகப் பாடினார், பாலாம்பிகையாக வந்தாள். நம் கதையில் சொல்லை மாற்றினால் உடல் மாறுகிறது. பாரிஸ் கதையில் ஊசியை வைத்து அதையே செய்கிறார்கள்.

1931இல் பூடெனாண்ட், பெர்லின் போலீஸ்காரர்களின் 15,000 லிட்டர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் பிரித்தார். ஆண்மையைத் தேடி முதலில் போனது போலீஸ் பாளையத்துக்கு என்பதை அப்படியே குறித்து வைத்துக்கொள்ளலாம். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழு காளை விதைகளிலிருந்து அசல் சரக்கை எடுத்து ‘டெஸ்டோஸ்டிரான்’ என்று பெயரிட்டது. அதே வருஷம் பூடெனாண்டும் ருஸிச்காவும் தனித்தனியாகக் கொலஸ்டிராலிலிருந்து அதைச் செய்து காட்டினார்கள், 1939இல் நோபல். நடுவிலே, 1934இல், ஸோண்டெக் ஒரு சங்கடமான விஷயத்தைக் கண்டார். ‘பெண் ஹார்மோன்’ என்று சொல்லப்பட்ட ஈஸ்ட்ரோஜன், ஆண் குதிரையின் சிறுநீரில் ஏராளமாக இருந்தது. பெண் உடலிலும் டெஸ்டோஸ்டிரான் சுரக்கிறது, ஆண் உடல் தன் டெஸ்டோஸ்டிரானில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. ஆண்/பெண் என்ற எதிர்வு சோதனைக்குழாயிலேயே கலங்கிவிட்டது. கலங்கிய பிறகும் பெயர்கள் மட்டும் ஏன் அப்படியே தங்கின என்பதை நெல்லி ஔட்ஷூர்ன் 1994இல் எழுதிய புத்தகம் விரிவாகக் காட்டுகிறது. பெயர் தங்கியதற்குச் சந்தை ஒரு காரணம். 1930களில் ஜெர்மானிய ‘ஒகாசா’ மாத்திரை ஆணுக்கு வெள்ளி, பெண்ணுக்குத் தங்கம் என்று இந்தியப் பத்திரிகைகளில் விளம்பரமானது. லேகியமும் சுரப்பியும் ஒரே பக்கத்தில் கடை விரித்தன. ஆண்மை பெருக்கும் விளம்பரங்களை 1954லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, விளம்பரம் சுவரில் இருக்கிறது.

ரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவை எண்ணுவது, யாலோவும் பெர்சனும் கதிரியக்க முறையைக் கொண்டுவந்த பிறகுதான் சாத்தியம். யாலோவுக்கு 1977இல் நோபல், பெர்சன் 1972லேயே செத்துப்போனார். எண் வந்தாச்சு. எது ‘குறைவு’? 2017இல் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுக் குழுக்கள் நான்கிலிருந்து 9,000 ஆண்களுக்கு மேல் எடுத்து, உடல் பருமன் இல்லாத 19–39 வயதினருக்கு 264 முதல் 916 வரை (டெசிலிட்டருக்கு நானோகிராம்) என்று வரையறுத்தார்கள். 264 என்பது நோய் தொடங்கும் கோடு அல்ல. ஆரோக்கியமான நூறு பேரில் கடைசி இரண்டரைப் பேரைக் கழித்துப் போட்ட கோடு. அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 300 என்கிறது. ஒவ்வொரு லேபும் தன் கருவிக்கேற்ப ஒரு கோடு வைத்திருக்கிறது. அண்ணனின் 271 ஒரு கோட்டுக்கு மேலே, இன்னொரு கோட்டுக்குக் கீழே. அந்த 9,000 பேரில் விருத்தாசலத்து ராத்திரி ஷிப்ட்காரன் ஒருத்தனும் கிடையாது.

இந்தக் கோடுகளின் லட்சணம் தெரிய வேண்டுமானால் பெண்களிடம் போக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, பாலினச் சோதனை என்ற பெயரில் அதை இழந்தார். அப்போது டெஸ்டோஸ்டிரான் வரம்பு என்ற விதி வந்திருக்கவில்லை. 2011இல் தடகள சம்மேளனம் அதைக் கொண்டுவந்தது: லிட்டருக்கு 10 நானோமோல். ஒடிசாவின் டூட்டி சந்த் வழக்குப் போட்டு, 2015இல் விதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2018இல் சில ஓட்டங்களுக்கு 5 ஆக்கினார்கள், 2023இல் 2.5. 2025இல் மரபணுச் சோதனைக்கே போய்விட்டார்கள். இப்போது 10 நானோமோலை நம் லேப் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள், 288 வரும். அதாவது 2011இல் ‘இதைத் தொட்டால் நீ பெண்ணாக ஓட முடியாது’ என்று போட்ட கோடு, அண்ணனின் 271க்கு மேலே இருக்கிறது. அதே மூலக்கூறு, ஏறக்குறைய அதே எண். ஒருத்திக்கு அது மிகை, ஒருவருக்கு அது குறை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தப் பொண்ணும் சூளைக்காரன் வூட்டுப் பொண்ணா?” என்று மட்டும் கேட்டார்.

இதனால் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கோட்பாடு படித்த நம்மாட்களுக்கு இந்த ஆசை சீக்கிரம் வரும். குறைபாடு நிஜமான நோய். விதை கெட்டுப்போனவர்கள், மூளையடிச் சுரப்பியில் கட்டி வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த ஊசி வாழ்க்கையைத் திருப்பித் தருகிறது. கேள்வி, எண்ணை எப்படி வாசிப்பது என்பது.

சூளைக்காரருக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெப்பமானி 1,200 டிகிரி காட்டினால் பீங்கான் வெந்துவிட்டது என்று எந்தச் சூளைக்காரரும் நம்ப மாட்டார். உள்ளே சின்னக் கூம்பு வைப்பார்கள், 1886இல் ஸேகர் என்பவர் கொண்டுவந்தது. எவ்வளவு சூடு என்பதை மட்டுமல்ல, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு அது வளையும். ரத்தமும் அப்படித்தான். டெஸ்டோஸ்டிரான் விடிகாலையில் உச்சம், சாயங்காலம் சரிவு. சாப்பாடு குறைக்கும், தூக்கம் கெட்டால் குறையும், காய்ச்சலில் குறையும். அதனால்தான் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு தடவை எடுக்கச் சொல்கிறார்கள். ராத்திரி ஷிப்ட்காரனுக்கு எது காலை என்பது தனிக் கேள்வி. சில நாள் ராத்திரி தூங்கிவிட்டு எடுப்பதே நியாயம். இரண்டு தடவையும் குறைந்தால் எல்.எச். பார்க்க வேண்டும். அது ஏறியிருந்தால் கோளாறு விதையில். ஏறாமல் இருந்தால் கட்டளையிடும் மூளையடிச் சுரப்பியில், அப்போது புரோலாக்டினும் பார்ப்பார்கள். தொப்பையும் சர்க்கரையும் இருந்தால் ஹார்மோனைச் சுமக்கும் புரதம் குறைந்து, மொத்த எண் மட்டும் தாழ்ந்து நிற்கலாம், கட்டற்ற பங்கு சரியாகவே இருக்கும். 2010இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், களைப்பு, சோர்வு எல்லாவற்றையும் சலித்துப் பார்த்தபோது எண்ணோடு திட்டமாகச் சேர்ந்து நின்றவை மூன்று பாலியல் அறிகுறிகள்தான்: ஆசை குறைவது, காலை விறைப்பு குறைவது, விறைப்புக் கோளாறு. எண்ணும் அறிகுறிகளும் கூடியவர்கள் 40–79 வயதினரில் 2.1 சதவீதம். அண்ணனின் முறையீடு களைப்பு மட்டும்.

இன்னொன்றை முகாமில் யாரும் சொல்லியிருக்கவில்லை. வெளியிலிருந்து ஊசி ஏறினால், மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு குறையும், அற்றும் போகும். உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரானை ஆண்களுக்குக் கருத்தடையாகவே கொடுத்துப் பார்த்தார்கள், பாதிப் பேருக்கு மேல் விந்தணு இல்லாமல் போயிற்று. ஆண்மை ஊசி என்று விற்பது கருத்தடை ஊசியாகப் பரிசோதிக்கப்பட்ட சரக்கு. இரண்டாவது பிள்ளைக்கு யோசித்துக்கொண்டிருந்த அண்ணன் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாரடைப்புப் பயத்தைப் பற்றி 2023இல் 5,200 பேர் ஆய்வு வந்தது. ஏற்கெனவே இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ளவர்களில்கூட மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தக்கட்டியும், சிறுநீரகப் பாதிப்பும் கொஞ்சம் கூடின. ஊசி போட ஆரம்பித்தால் ரத்தம் கெட்டிப்படும். ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் ஒப்பீடு. எதோடு ஒப்பிடுவது? ஆரம்பிப்பதற்கு முன் எடுத்த ஹீமட்டோக்ரிட், பி.எஸ்.ஏ., டெஸ்டோஸ்டிரானோடு. மச்சம் இல்லாமல் மாற்று உரைக்க முடியாது. மச்சம் வெட்டாமலே ஊசி ஏற்றிக்கொண்டு, அப்புறம் ‘ஏறியிருக்கிறது’ என்று சந்தோஷப்படுகிற ஆட்கள் ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறார்கள்.

இதே ஊசிக்கு இன்னொரு வாசலில் இன்னொரு வரிசை நிற்கிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கூவாகம். சித்திரையில் திருநங்கைகளைப் படமெடுக்க வருகிற பத்திரிகைகள் திருநம்பிகளைப் பற்றிப் பேசுவது அபூர்வம். 2014 உச்சநீதிமன்றத் தீர்ப்பு பாலின அடையாளத்தைத் தானே சொல்லும் உரிமை என்றது. ஆனாலும் திருநம்பி ஒருவர் டெஸ்டோஸ்டிரான் கேட்டால் மனநல மருத்துவரின் சான்று கேட்கிறார்கள், நீ உண்மையிலேயே ஆணா என்று துருவுகிறார்கள். அண்ணனிடம் ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. முகாமில் ஒரு தாள், ஒரு தடித்த எழுத்து, உடனே ஊசி. அவருக்கு வேண்டிய கேள்விகளை யாரும் கேட்கவில்லை, இவர்களுக்கு வேண்டாத கேள்விகளை எல்லோரும் கேட்கிறார்கள்.

அண்ணன் ஒரு வாரம் பகல் ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு, காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் போய் எடுத்தார். 338. பத்து நாள் கழித்து இன்னொன்று, 322. எல்.எச். சரியாக இருந்தது. கூடவே எடுத்த மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.4, இது அவருக்கே புதுச் செய்தி. டாக்டர் ஊசி வேண்டாம், முதலில் சர்க்கரையையும் எடையையும் பார்ப்போம், ஆறு மாதம் கழித்து வாங்க என்றிருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஊசி என்றால் ஒரு நாளில் முடிந்திருக்கும். மூன்று தாளையும் ஃப்யூஸ் கேரியர் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். ராத்திரி ஷிப்ட் மறுபடியும் அடுத்த மாசம் வருகிறது.